ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்ட மறுத்தால்: பிரிந்த முகத்தைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஒட்டு விட்டுப்போன ஜாப் கைக்கு வந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். அதை ரிஜெக்‌ஷன் பெட்டியில் போட்டுவிட்டு, "இதைவிட ஸ்ட்ராங்கா வேற பசை இருக்கா?" என்று கடைக்குப் போன் போடுவோம். தயவுசெய்து அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிரிந்து வந்த இரண்டு முகங்களில்தான் காரணம் இருக்கிறது.

அம்பத்தூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பதினெட்டு வருடமாக பீடிங் (ஓரப்பட்டை), கேஸ்கெட் (கசிவு தடுக்கும் அடைப்பு), கைப்பிடி உறை என்று பிளாஸ்டிக்கின் மேல் ரப்பரை ஒட்டும் வேலைதான் பார்க்கிறேன். பசையே தவறாக இருந்த சம்பவங்கள் கொஞ்சம்தான். பசை போய் உட்கார வேண்டிய முகம் தயாராக இல்லாததுதான் பெரும்பாலும் பிரச்சினை. அந்த முகத்தை எப்படிப் படிப்பது என்பதை, பட்டறையில் கண்ணில் படும் அறிகுறி ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறேன்.

எதையும் மாற்றும் முன்

பிரிந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. பசை எந்தப் பக்கம் நிற்கிறது? முழுக்க ரப்பரில் நின்று பிளாஸ்டிக் பளபளவென்று சுத்தமாக இருந்தால், பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை. முழுக்க பிளாஸ்டிக்கில் நின்றால் ரப்பர் பக்கம் கோளாறு. இரண்டு பக்கமும் பசை இருந்தால், பசை நடுவில் பிளந்திருக்கிறது. அது வேறு கதை.

அடுத்து, அது என்ன பிளாஸ்டிக் என்று உறுதி செய்யுங்கள். வண்டிப் பாகமாக இருந்தால் பின்பக்கம் பிபி (பாலிப்ரோப்பிலீன்), ஏபிஎஸ், பிஏ66 (நைலான்) என்று அச்சிலேயே வார்த்திருப்பார்கள். குறி இல்லையென்றால் ஒரு சீவலைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வழக்கம். பாலிப்ரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் மிதக்கும். ஆனால் 20 சதவீதம் டால்க் கலந்த பிபி மூழ்கிவிடும். அதைப் பார்த்து "இது பிபி இல்லை" என்று முடிவுகட்டி ஒரு வாரம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீர். பிளாஸ்டிக் மேல் விட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பள்ளிப் புத்தகத்தில் சேர்கோணம் என்று படித்தோமே, 1805-இல் தாமஸ் யங் எழுதி வைத்தது, அதைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். சொட்டு குண்டாக உருண்டு நின்றால் கோணம் 90 பாகைக்கு மேல், பசைக்குக் கஷ்டகாலம். தட்டையாகப் படுத்தால் நம்பிக்கை உண்டு.

பூசும்போதே பசை சுருங்கி முத்து முத்தாக நிற்கிறது

எண்ணெய் தடவிய தட்டில் தெளித்த தண்ணீர் போல, பிரஷ் போன தடத்திலேயே பசை பின்வாங்கும். இதுதான் நனையாமை. திரவம் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் விசை பரப்பு இழுவிசை. திடப்பொருளின் முகம் அதை வெளிப்பக்கம் இழுக்கும் வலு பரப்பு ஆற்றல். உள்ளிழுப்பு மிஞ்சினால் திரவம் குவியும், வெளியிழுப்பு மிஞ்சினால் பரவும். 1950-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ஜிஸ்மன் குழுவினர், எவ்வளவு பரப்பு இழுவிசை வரை உள்ள திரவம் பரவும் என்ற எல்லையைப் பல பிளாஸ்டிக்குகளுக்கு அளந்தார்கள். இன்று நாம் "எத்தனை டைன்?" என்று கேட்பது அந்த வழியில் வந்த எண்ணைத்தான்.

மனதில் வைக்க வேண்டியவை இவை, எல்லாம் சென்டிமீட்டருக்கு இத்தனை டைன் என்ற கணக்கு. டெஃப்ளான் 18 முதல் 20. சிலிக்கோன் ரப்பர் 20 முதல் 24. பிபி 30 பக்கம், பாலிஎத்திலீன் 31. ஏபிஎஸ் 35-க்கு மேல். பாலிகார்பனேட்டும் நைலானும் 42-ஐ ஒட்டி. தண்ணீர் 72, எபாக்சி 45 சுமார். 45 உள்ள எபாக்சி 30 உள்ள பிபியின் மேல் பரவாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

பிளாஸ்டிக்கின் இயல்பே இப்படியா, அல்லது மேலே ஏதாவது படிந்திருக்கிறதா? பாதி இடத்தை மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த புதுத் துணியால் துடைத்து, காயவிட்டு, இரண்டு பாதியிலும் சொட்டு விடுங்கள். துடைத்த பாதியில் சொட்டு படுத்தால் அழுக்குதான் குற்றவாளி. இரண்டிலும் ஒரே மாதிரி உருண்டால் பிளாஸ்டிக்கின் இயல்பு. துடைக்கும் துணி முக்கியம். காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதிலேயே எண்ணெய் இருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்தால் அழுக்கு போய் எண்ணெய்ப் படலம் வரும். கடையில் கேனில் விற்கும் தின்னரில் எந்தக் கேனில் என்ன கலவை என்று யாராலும் சொல்ல முடியாது. தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய விரல் பட்டாலே போதும், விரல் வடிவத்திலேயே ஒட்டு விட்டுப்போகும்.

பசைப் படலத்தில் வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் சிலிக்கோன் என்று சந்தேகப்படுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு தடவை இரண்டாம் ஷிஃப்ட் ஜாப் மட்டும் விட்டுக்கொண்டே வந்தது. பசை அதே பேட்ச், ஆள் அதே ஆள். மூன்றாம் நாள் நானே இரவு வரை நின்று பார்த்தேன். மாலையில் புழுக்கம் தாங்காமல் பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள். அந்தப் பக்கம் மோல்டிங் மெஷினில் பார்ட் கழலுவதற்கு சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனி ஃபேன் காற்றில் மிதந்து, துடைத்து அடுக்கி வைத்த பிளாஸ்டிக் மேல் படிந்திருக்கிறது. ஃபேனைத் திருப்பினோம், சரியாகிவிட்டது.

அழகாகப் பரவுகிறது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வருகிறது

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பிபி மேல் நியோப்ரீன் பசை, அதாவது நாம் சொல்யூஷன் என்று சொல்லும் மஞ்சள் நிறக் கான்டாக்ட் பசையைப் பூசினால் வழவழவென்று பரவும். "பாரு, நல்லா நனையுது" என்று நினைப்போம். மறுநாள் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால் மொத்தப் படலமும் ஒரே துண்டாக வந்துவிடும்.

பரவியது பசை அல்ல, அதிலுள்ள கரைப்பான். டொலுவீனின் பரப்பு இழுவிசை 28 சுமார். அது பிபி மேல் தாராளமாகப் பரவும். டொலுவீன் பறந்துபோன பிறகு மிஞ்சுகிற நியோப்ரீனுக்கும் பிபிக்கும் எந்த உறவும் இல்லை. பிபியின் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறெதுவும் கிடையாது, பசை கைபிடித்துக்கொள்ள ஒரு கொக்கி கூட இல்லை. சாதாரண வெப்பத்தில் டொலுவீனால் அதைக் கரைக்கவும் முடியாது, அதனால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கவும் வழியில்லை. நனையாமல் ஒட்டாது என்பது உண்மை. நனைந்துவிட்டால் ஒட்டிவிடும் என்பது உண்மையல்ல.

எமரி போட்டுத் தேய்த்தால் சரியாகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பிபியில் அதனால் கிடைப்பது கொஞ்சம்தான். கொக்கியே இல்லாத முகத்தைச் சொரசொரப்பாக்கினால், கொக்கி இல்லாத பரப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவே. முகத்தின் வேதியியலை மாற்ற வேண்டும். அதற்கு மூன்று வழி நடைமுறையில் உண்டு.

ஒன்று நெருப்பு. காற்று தாராளமாகக் கலந்த நீல நிறச் சுவாலை. மஞ்சள் சுவாலை கரியைப் பூசிவிடும். உள்ளே தெரியும் சின்னக் கூம்பின் நுனிக்குச் சற்று வெளியே இருக்கும் பகுதி முகத்தில் பட வேண்டும், நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். முகம் உருகிப் பளபளத்தால் மிஞ்சிவிட்டது. சரியாகச் செய்த இடத்தில் பார்வைக்கு ஒன்றுமே மாறியிருக்காது, தண்ணீர்ச் சொட்டு மட்டும் படுத்துவிடும். பரப்பு இழுவிசை 38 டைன் என்று குறித்து விற்கும் சோதனை மையால் கோடு போட்டால் இரண்டு விநாடி உடையாமல் நிற்க வேண்டும். நான் 42 நிற்காமல் பசையைத் தொட விடமாட்டேன். இந்த மைகளில் உள்ள கரைப்பான் உடம்புக்கு ஆகாது, கையுறை போடுங்கள். சுவாலை காட்டும் மேஜையும் பசை மேஜையும் ஒரே அறையில் இருக்கவே கூடாது.

இரண்டாவது கொரோனா அல்லது பிளாஸ்மா, அதாவது முகத்தில் மின்பொறி காட்டுவது. சீரான வேலை, ஆனால் மெஷின் வேண்டும். மூன்றாவது பிரைமர், அதாவது பசைக்கு முன் பூசும் அடிப்பூச்சு. குளோரின் ஏற்றிய பாலிஓலிஃபின் (பிபி, பாலிஎத்திலீன் சேர்ந்த குடும்பம்) பிரைமர் பிபிக்கென்றே செய்தது. அதை மெல்லிசாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் பிரைமருக்குள்ளேயே பிளக்கும். சின்னப் பார்ட்டாக இருந்து உடனடிப் பசை போட்டால் போதுமென்றால், அதனுடன் வரும் அமீன் வகை பிரைமர் தடவிவிட்டு ஒட்டலாம். பாலிஓலிஃபினுக்கு அது நன்றாகவே வேலை செய்யும்.

சுவாலையோ கொரோனாவோ காட்டிய முகம் நிரந்தரம் அல்ல. நாள் ஆக ஆகப் பழைய நிலைக்குத் திரும்பும். காலையில் காட்டியதைச் சாயங்காலத்துக்குள் ஒட்டிவிடுவது எங்கள் பழக்கம். சிலிக்கோன் ரப்பருக்கு பிளாஸ்மா காட்டினால் சில மணி நேரத்திலேயே வீரியம் இறங்கத் தொடங்கிவிடும், கையோடு ஒட்ட வேண்டும்.

பசை பிளாஸ்டிக்கில் நிற்கிறது, ரப்பர் சுத்தமாகப் பிரிகிறது

ரப்பரை ஒரு துணியால் அழுத்தித் துடைத்துத் துணியைப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் மூன்றில் ஒன்று: ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவிய டால்க், உள்ளிருந்து மேலே கிளம்பிய மெழுகு, அல்லது கந்தகம். ஓசோனில் வெடிக்காமல் இருப்பதற்காக ரப்பரில் மெழுகு சேர்ப்பார்கள். அது மெல்ல வெளியே வந்து படிவதுதான் அதன் வேலையே. ஹேர் டிரையர் காட்டினால் வெள்ளை மறைந்து ஆறியதும் திரும்பி வந்தால் மெழுகு. கந்தகம் அவ்வளவு சுலபமாக உருகாது.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கரைப்பானால் துடைக்க வேண்டும். பிறகு 60 அல்லது 80 நம்பர் எமரியால் பளபளப்பு போகும் வரை பஃப் செய்ய வேண்டும். பிறகு தூசி தட்டி மறுபடி துடைக்க வேண்டும். பலர் நேராக பஃப் செய்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் மெழுகை உள்ளே தேய்த்து விட்டதாகத்தான் ஆகும். டொலுவீனில் துடைத்தால் ரப்பர் அதைக் குடித்து உப்பும். நன்றாகக் காயவிடாமல் ஒட்டினால் உள்ளிருந்து வரும் ஆவி ஒட்டைத் தூக்கிவிடும். எல்லாம் முடிந்த ரப்பரை நாளைக்கு என்று வைக்காதீர்கள், இரவோடு இரவாக மெழுகு திரும்ப வரும்.

இயற்கை ரப்பர், எஸ்பிஆர் என்ற செயற்கை ரப்பர், செருப்பின் டிபிஆர் சோல் மாதிரி இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை காலணித் தொழிலில் ஹாலோஜன் பிரைமர் என்று பூசுகிறார்களே, அது ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலத்தை எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பானில் கலந்தது. ரப்பரின் முகத்தில் குளோரினை ஏற்றிக் கொக்கிகளை உண்டாக்கும். பிறகு பாலியூரிதேன் பசை கெட்டியாகப் பிடிக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் இதைத் தொடக் கூடாது.

கதவு பீடிங்குக்குப் போடும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பருக்கு இது பெரிதாக உதவாது. அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை, போதாக்குறைக்கு எண்ணெய் நிறைய. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் அதே குணம்தான் பசைக்கு எதிரி. கார் கதவு பீடிங்கில் பார்த்தால், ரப்பர் பக்கம் சூட்டில் உருக்கி ஒட்டும் படலமும் மறுபக்கம் அழுத்தினால் ஒட்டும் பசையும் உள்ள அக்ரிலிக் டேப் போட்டிருப்பார்கள். ஒரு பசை இரண்டு முகத்துக்கும் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொண்டு செய்த தீர்வு அது. சின்ன நீளத்துக்கு, முனை சேர்க்க, உடனடிப் பசை இபிடிஎம்-மில் நன்றாகவே நிற்கும்.

மழை நாளில் மட்டும் விடுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இது வாடிக்கை. கான்டாக்ட் பசையிலிருந்து கரைப்பான் பறக்கும்போது முகம் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த முகத்தில் பனி படியும். பசை மேல் லேசான வெண்மை தெரிந்தால் அதுதான். அந்த ஈரப் படலத்தின் மேல் இரண்டு முகத்தையும் சேர்த்தால் பிடிக்காது. பார்ட்டை மிதமாகச் சூடாக்கி, 40 பாகை சுற்றி வைத்துப் பூசினால் தீரும். ஃபேன் காற்றை நேரே விடாதீர்கள், குளிர்ச்சி கூடும்.

கான்டாக்ட் பசையில் இன்னொன்று. இரண்டு முகத்திலும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் தேவைப்படுவது அழுத்தம், நேரம் அல்ல. மேலே செங்கல்லை வைத்து இரவெல்லாம் விடுவதைவிட உருளையால் ஒரு தடவை பலமாக உருட்டுவது மேல்.

பத்து நாள் நன்றாக இருந்தது, பிறகு பசை பிசுபிசுத்துவிட்டது

பிரித்தால் இரண்டு பக்கமும் பசை, இழுத்தால் நூல் நூலாக வருகிறது. மிருதுவான பிவிசி-யிலோ எண்ணெய் அதிகமுள்ள ரப்பரிலோதான் இது வரும். மிருதுவாக்க ஊற்றிய பிளாஸ்டிசைசர் மெல்ல நகர்ந்து பசைக்குள் போய் அதையும் மிருதுவாக்கிவிட்டது. நியோப்ரீன் பசை இதற்குச் சீக்கிரம் மசியும். பிவிசி என்றால் ஐசோசயனேட் ஹார்ட்னர் (பசையை இறுக்கும் சேர்ப்பு) கலந்த பாலியூரிதேன் அல்லது நைட்ரைல் பசைக்குப் போங்கள். ஹார்ட்னர் கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்; மறுநாள் டப்பாவில் மிஞ்சியது ஜெல்லியாகியிருந்தால் தின்னர் ஊற்றி உயிர் கொடுக்கப் பார்க்காதீர்கள். இதன் ஆவி மூச்சுக்குக் கெடுதல். பூசுகிறவருக்கு முகமூடி வாங்கிக் கொடுங்கள், துணியைக் கட்டிக்கொள்வது போதாது.

வெயிலில் நின்றால் ஓரம் தூக்குகிறது

மே மாதம் மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 பாகையைத் தாண்டும். ஹார்ட்னர் இல்லாத நியோப்ரீன் பசை அந்தச் சூட்டில் இளகும். அதோடு பிபி நீளும்: ஒரு மீட்டர் பட்டை 40 பாகை சூடேறினால் 4 முதல் 6 மில்லிமீட்டர். ரப்பர் வேறு அளவில் நீளும். இழுபறியெல்லாம் ஓரத்தில் போய்க் குவிகிறது. அதனால்தான் விடுவது எப்போதும் முனையிலிருந்து. முனையைக் கூராகச் சீவாதீர்கள். பிளாஸ்டிக்கில் ஒரு பள்ளம் கொடுத்து ரப்பரின் நுனியை அதற்குள் அமிழ்த்திவிடுங்கள். வளைவில் ரப்பரை இழுத்து ஒட்டுவதும் இதே வினைதான்: இழுத்த ரப்பர் எத்தனை நாளானாலும் சுருங்கத்தான் பார்க்கும்.

பிளாஸ்டிக்கே விரிசல் விடுகிறது

ஏபிஎஸ், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன். வார்ப்பில் தங்கிய இறுக்கமும் பசையின் கரைப்பானும் சந்தித்தால், மயிரிழை போல வெடிப்பு ஓடும். திருகுத் துளையைச் சுற்றி முதலில் தெரியும். டொலுவீன் பசையைத் தவிருங்கள். பாலிகார்பனேட்டை 120 பாகை அளவில் அடுப்பில் வைத்து மெதுவாக ஆறவிட்டால் இறுக்கம் தளரும்.

ஓவர்மோல்டிங்கில் டிபிஇ உரிந்து வருகிறது

ஓவர்மோல்டிங் என்றால் வார்த்த பிளாஸ்டிக் பார்ட்டின் மேல், டிபிஇ என்ற ரப்பர் போன்ற மிருதுவான பிளாஸ்டிக்கை உருக்கி வார்ப்பது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை எடுத்துப் பாருங்கள். கெட்டியான பகுதி பெரும்பாலும் பிபி, மிருதுவான பகுதி எஸ்இபிஎஸ் வகை டிபிஇ. பசையே இல்லாமல் இரண்டும் பிடித்துக்கொள்வது, உருகிய டிபிஇ பிபியின் மேல்தோலை இளக்கி இரண்டும் கலப்பதால். அதே டிபிஇ-யை ஏபிஎஸ் மேலோ நைலான் மேலோ ஊற்றினால் பிடிக்காது. அவற்றுக்கென்று மாற்றிச் செய்த கிரேடு வேண்டும். இதைக் கேட்காமல் சூட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போய் மெட்டீரியலைக் கருக்குகிறார்கள்.

கிரேடு சரியாக இருந்தும் விட்டால், எங்கே விடுகிறது என்று பாருங்கள். கேட் (மோல்டில் உருகல் நுழையும் வாய்) அருகே பிடித்து, ஓட்டத்தின் கடைசியில் உரிந்தால் உருகல் ஆறிப்போய் வந்து சேர்கிறது. உருகல் சூட்டையும் ஊசி வேகத்தையும் கூட்டுங்கள், உள் பார்ட்டைச் சூடாக்கிப் போடுங்கள். முழுக்க உரிந்தால் உள் பார்ட் பல நாள் கிடங்கில் தூசியோடு கிடந்ததா, மோல்டில் ஸ்ப்ரே அடித்தார்களா என்று விசாரியுங்கள். நைலான் என்றால் ஈரம்: உலர்த்தாமல் போட்டால் இடைமுகத்தில் நீராவிக் குமிழிகள் தெரியும். டிபிஇ மிக மெல்லிசாக இருக்கும் இடத்தில் மேல்தோலை இளக்கும் அளவுக்குச் சூடே அதில் இருக்காது. அங்கே மெஷின் செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் பலனில்லை, டிசைனைத்தான் திருத்த வேண்டும்.

ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்கிறது

பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் வெள்ளை அழிப்பானும் தெளிவான ஸ்கேலும் கோடை விடுமுறை முழுக்க ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, திறந்தால் அழிப்பான் ஸ்கேலில் புதைந்திருக்கும். பிய்த்தால் எண்கள் அழிந்து பள்ளம் தெரியும். அந்த அழிப்பான் மிருதுவான பிவிசி. அதன் பிளாஸ்டிசைசர் பாலிஸ்டைரீன் ஸ்கேலைக் கரைத்துவிட்டது. நாம் ஓவர்மோல்டிங்கில் பாடுபட்டு வரவழைக்கும் கலப்பு இங்கே தானாகவே நடந்திருக்கிறது. அழிப்பானுக்கு அட்டை உறை போட்டு விற்பது இதைத் தடுக்கவும்தான்.

மெஷினுக்கு அடியில் வைத்த கறுப்பு ரப்பர்க் காலும் இப்படித்தான், வினைல் தரையில் பழுப்புக் கறையை விடும். ரப்பரில் சேர்த்த ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் நகர்ந்து போய் ஏறிய கறை அது, துடைத்தால் போகாது. இடையில் ஒரு பாலிஎத்திலீன் தாள் போடுங்கள், அல்லது கறை விடாத வகை என்று சொல்லி ரப்பர் வாங்குங்கள். வெள்ளை ஏபிஎஸ் பெட்டிக்குக் கறுப்பு கேஸ்கெட் ஒட்டும் முன்பும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் கிழிந்து துணுக்குகள் பிளாஸ்டிக்கிலேயே நிற்கின்றன

இது ஒட்டின் பிழை அல்ல, ஒட்டுக்கு முன் ரப்பர்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது. 25 மில்லிமீட்டர் அகலப் பட்டையை ஒட்டி, ரப்பர் ஒட்டைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 813 தரநிலை சொல்கிறபடி 90 பாகையில் உரித்துப் பார்க்கும்போது நாங்கள் ஆசைப்படுவதே இந்தக் காட்சிக்குத்தான். அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டு, தேதியும் பேட்ச் நம்பரும் எழுதி, ரப்பர் வாங்கிய இடத்துக்கு எடுத்துப் போங்கள்.